அத்தாவின் பேரேடு

என் தந்தையார் மர்ஹூம் அவர்கள் விட்டுச்சென்ற பொருள்கள் மிகச் சில. ஒரு தகரப் பெட்டி, உடைந்த காதுக்கம்பிக்கு நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி, விரல் பட்டுத் தேய்ந்த தஸ்பீஹ் மணி, ஓரங்கள் மடங்கிய குர்ஆன் ஷரீஃப், இவற்றோடு சிவப்புத் துணியட்டை போட்ட பழைய பேரேடு ஒன்று. விளாத்திகுளம் கடைத்தெருவில் வற்றல் கமிஷன் கடை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவர் அவர். ஆகவே வீட்டில் பேரேடு இருந்ததில் வியப்பில்லை. அதன் உள்ளே இருந்ததுதான் வியப்பு. மிளகாய் மூட்டைக் கணக்கோ, வட்டமிட்ட பாக்கித் தொகையோ அதில் இல்லை. இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் ஓர் எண். அவ்வளவே. 1961இல் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வரியாக அந்த எண்கள் இறங்கி வந்தன.

அது கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கால்பந்துக் கழகம் அந்தந்த ஆண்டின் லீக் பட்டியலில் பெற்ற இடம்.

குடும்பங்களில் படிக்கப்படும் இவ்விதழில் ஒரு மதரஸா ஆசிரியன் பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் உயர்த்தியிருப்பேன். உயர்த்தியதோடு நில்லாமல் ஒரு சொல்லும் சொன்னேன். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரை.

கல்கத்தா நாள்கள்

கரிசல் காட்டில் மழை பொய்த்தால் பிள்ளைகளைப் பிழைப்புக்கு வெளியூர் அனுப்புவது அந்நாளைய வழக்கம். அத்தா தமது பத்தொன்பதாம் வயதில் கல்கத்தா சென்றார். தென்னாட்டு வற்றல் விற்கும் மண்டி ஒன்றில் சிப்பந்தி வேலை. மொழி தெரியாது. மீன் குழம்பின் கடுகெண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. ஜுமுஆவுக்கு நாகூதா பள்ளிவாசலுக்குச் சென்றபோது பக்கத்து ஸஃப்பில் நின்ற உருதுக்காரர் ஒருவர் ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளி அவர். அவர்தாம் ஒருநாள் மாலை அத்தாவை மைதானத்துக்கு அழைத்துச் சென்றார்.

கல்கத்தாவில் பந்தாட்டக் காலம் மழைக்காலமே. கருப்பு வெள்ளைச் சட்டையணிந்த பதினொருவர் சேற்றில் சறுக்கி ஆடிக்கொண்டிருக்க, மழையில் நனைந்தபடி ஆயிரக்கணக்கானோர் நின்ற காட்சியை அத்தா இறுதிவரை மறக்கவில்லை. "ஒரு வருசம் மழையே பார்க்காத ஊர்லேருந்து போனவன் நான். அன்னைக்கு மழையும் பார்த்தேன், அத்தனை சனமும் ஒரே மூச்சா மூச்சு விடுறதையும் பார்த்தேன்" என்பார். அந்நிய நகரத்தில் தமக்கும் ஓர் இடம் உண்டென்று முதன்முதலாக அவருக்குத் தோன்றிய மாலை அது.

1967இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் லீக் பட்டத்தை வென்றதைக் கண்ணாரக் கண்டார். 1972இல் பாட்டனார் நோயுற்றதால் ஊர் திரும்பினார். திரும்பிய பிறகும் அச்சகத் தொழிலாளி ஆண்டுதோறும் ஓர் அஞ்சலட்டை போடுவார். ஸலாம், நலம், துஆ ஸலாம், இவற்றுக்குக் கீழே ஓர் எண். 1981இல் வந்த அட்டையில் முகவரியைத் தவிர '1' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த அட்டை அத்தாவின் பெட்டியில் இருந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் அட்டைகள் நின்றன. நண்பருக்கு என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை. அத்தா அவருக்காக ஒவ்வொரு வெள்ளியும் துஆச் செய்வார். எண்ணை மட்டும் தேநீர்க் கடையில் செய்தித்தாளைப் புரட்டித் தேடுவார்.

வெறுங்காலும் காலணியும்

வரலாற்றில் இளங்கலை படித்தவன் என்ற முறையில், அத்தாவின் மறைவுக்குப் பிறகு அக்கழகத்தின் பின்னணியைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அவர் பற்று வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது விளங்கியது.

1887இல் ஜூபிலி கிளப் என்ற பெயரில் தொடங்கிய சிறு கழகம் இரு முறை பெயர் மாறி, 1891இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆயிற்று. ஆங்கிலக் கல்வியிலும் அரசுப் பணியிலும் பின்தங்கியிருந்த வங்க முஸ்லிம்களின் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் ஒழுங்கும் கற்பிப்பது நோக்கம். கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது. ஆசியாவிலேயே பழைமையான கால்பந்து லீக் அதுவே. அம்முதல் பட்டத்தை வென்றது குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு. அன்று முதல் 1933 வரை, முப்பத்தாறு ஆண்டுக் காலம், வெள்ளையர் அணிகளைத் தவிர வேறெவரும் அப்பட்டத்தைத் தொட்டதில்லை.

இந்தியர் திறமையற்றோர் என்பதன்று காரணம். 1911 ஜூலை 29ஆம் நாள் மோகன் பகான் கழகத்தினர் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2க்கு 1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். நாடே களித்தது. அன்று அந்த இந்துச் சகோதரர்களின் வெற்றியைக் கண்டு முஸ்லிம் விளையாட்டு வீரர்கள் ஆனந்தம் தாங்காமல் கூத்தாடியதை 'தி முஸல்மான்' என்னும் அக்காலப் பத்திரிகை பெருமையோடு எழுதியது. பின்னாளில் ஏற்பட்ட பிளவுகளை மட்டுமே நினைவில் வைத்திருப்போர் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆயினும் கேடயம் வேறு, லீக் வேறு. லீக் ஆட்டங்கள் மழைக்காலம் முழுவதும் நடப்பவை. காய்ந்த தரையில் காற்றாய்ப் பறக்கும் வெறுங்கால், சேற்றில் வழுக்கும். எங்கள் கரிசலில் ஒரு மழைக்குப் பின் நடந்து பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மண் காலைப் பற்றிக்கொள்ளும். பத்தடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலும் ஒரு படி கனக்கும். காலணி அணிந்த வெள்ளைச் சிப்பாய்கள் மழை நாள்களில் புள்ளிகளைக் குவித்துவிடுவர்.

முப்பதுகளில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் நிர்வாகம் இதை உணர்ந்தது. பெங்களூர் உட்பட நாட்டின் பல திசைகளிலிருந்தும் தேர்ந்த ஆட்டக்காரர்களைத் திரட்டியது. மழையில் காலணி அணிந்து ஆடப் பழக்கியது. இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்து, 1934இல் முதற்பிரிவில் அடியெடுத்து வைத்த அந்த ஆண்டிலேயே பட்டத்தை வென்றது. கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுதான். ஒரு முறையோடு நிற்கவில்லை. 1935, 1936, 1937, 1938 எனத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள். 1936இல் கேடயமும் சேர்ந்து கிடைத்தது. 1940இல் லீக், பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை, தில்லியில் டூரண்ட் கோப்பை ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் கைவந்தன. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை இந்தியக் கழகம் ஒன்றிடம் வந்தது அதுவே முதன்முறை. இறுதியாட்டத்தில் தோற்றது ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவு. கணக்கு 2க்கு 1. நம் பக்கத்துப் பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகமும் 1937, 1938ஆம் ஆண்டுகளில் ரோவர்ஸ் கோப்பையை வென்று புகழ் பெற்றிருந்தது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த அணியின் முகம்மது சலீம் என்பவரின் கதையை அத்தா எனக்குச் சிறுவயதில் சொல்லியிருக்கிறார். நான் அதைக் கட்டுக்கதை என்றே எண்ணியிருந்தேன். உண்மைதான். 1936இல் கப்பலேறி ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரை அடைந்த சலீம், புகழ்பெற்ற செல்டிக் கழகத்தாரிடம் வெறுங்காலுடன் ஆடிக் காட்டினார். கால்களில் வெறும் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு அவர்கள் அணிக்காகக் களம் இறங்கினார். ஐரோப்பியக் கழகமொன்றுக்கு ஆடிய முதல் இந்தியர் அவர் என்பர். அங்கேயே தங்கச் சொல்லியும் ஊர் நினைவு வாட்டத் திரும்பிவிட்டார். அவர் பொருட்டு நடத்த இருந்த ஆட்டத்தின் வசூலில் தம் பங்கை அனாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் என்று அவர் குடும்பத்தார் கூறியுள்ளனர். முதுமையில் அவர் நோயுற்றபோது மகன் செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பணத்துக்காக அன்று; தந்தையை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறிவதற்காக. நூறு பவுனுக்கான காசோலை வந்தது. மகன் அதை மாற்றவில்லை, நினைவாக வைத்துக்கொண்டார்.

இதைப் படித்த இரவு நான் வெகுநேரம் உறங்கவில்லை. அந்த மகன் தம் தந்தையின் கால்பந்து நினைவைக் காசுக்கும் மாற்றாமல் காத்தார். நான் என்ன செய்தேன்?

நான் சொன்ன சொல்

2014ஆம் ஆண்டு. முகம்மதன் ஸ்போர்ட்டிங்கிற்கு மிகக் கெட்ட காலம். 1981க்குப் பின் கல்கத்தா லீக் பட்டம் இல்லை. எண்பதுகளில் அலிகாரில் பயின்ற ஈரானிய மாணவர்களான மஜீத், ஜம்ஷீத் ஆகியோரின் ஆட்டமும், 1983, 1984ஆம் ஆண்டுகளின் கூட்டமைப்புக் கோப்பை வெற்றிகளும் பழங்கதையாகிவிட்டன. தேசிய அளவிலான ஐ-லீக் போட்டியிலிருந்து அவ்வாண்டு கீழிறக்கப்பட்டனர். பணமின்மையால் அணியைக் கலைத்துவிடப் போகிறார்கள் என்ற செய்தியும் அக்டோபரில் வந்தது.

அச்செய்தி அத்தாவின் காதுக்கும் எட்டியிருக்கிறது. இஷாத் தொழுகை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும், திண்ணையில் அமர்ந்திருந்தவர், "தம்பி, உன் செல்லுல கொஞ்சம் பாரேன். கழகத்தைக் கலைச்சிட்டாங்களாமே?" என்றார்.

அன்று மதரஸாவில் எனக்கு நல்ல நாளன்று. பெற்றோர் சிலர் கட்டணத்தைப் பற்றிப் பேசிச் சென்றிருந்தனர். மனம் கசந்திருந்தது. "எழுபத்திரண்டு வயசாயிடுச்சு அத்தா. யாரோ உதைக்கிற பந்துக்குப் பின்னாலே இன்னும் எத்தனை காலம் ஓடுவீங்க? கபுர்ல இந்தக் கணக்கையா கேப்பாங்க? தஸ்பீஹைக் கையில எடுங்க" என்றேன்.

அத்தா மறுமொழி சொல்லவில்லை. சிறிது நேரம் இருந்துவிட்டு, "சரிதான் தம்பி" என்று மட்டும் கூறி எழுந்து உள்ளே போனார்.

வாசகர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். என் அறிவுக்கு எட்டியவரை அத்தா ஒரு வேளைத் தொழுகையையும் களாச் செய்தவரல்லர். தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்து, தாமே வாளியில் நீர் இறைத்து ஒளூச் செய்யும் ஓசையில்தான் நான் வளர்ந்தேன். கடையில் அவர் எழுதிய கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதாக எவரும் சொன்னதில்லை. எட்டயபுரம் செல்லும்போதெல்லாம் உமறுப்புலவரின் அடக்கத்தலத்தில் நின்று, தமிழில் நபிகளார் வரலாற்றைப் பாடிய அப்பெருமகனுக்காக ஃபாத்திஹா ஓதாமல் வரமாட்டார். அத்தகையவருக்குத் தஸ்பீஹை நினைவூட்டும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது? ஏழாண்டு ஓதிப் பெற்ற ஸனது தந்ததா? கல்லூரிப் பட்டம் தந்ததா? இரண்டும் தரவில்லை; பெருமை தந்தது.

மார்க்கம் விளையாட்டைப் பகையாகக் கருதவில்லை என்பதை நான் அறியாதவனா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதையும், முதலில் அன்னையார் முந்தியதையும், பின்னொரு முறை நாயகம் முந்தி, இது அதற்கு ஈடு என்று புன்னகையோடு கூறியதையும் நானே மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பாடத்தில் இருந்தது, என் நாவில் இல்லாமற் போயிற்று.

அன்று முதல் அத்தா என்னிடம் கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அவர் அதை மறந்துவிட்டார் என்றே நான் எண்ணினேன். சொல் பலித்தது என்றும், வெட்கத்தோடு சொல்லுகிறேன், உள்ளூர மகிழ்ந்தேன்.

2018 பிப்ரவரியில் அத்தா வஃபாத்தானார். நாற்பதாம் நாள் கழிந்தபின் தகரப் பெட்டியைத் திறந்தோம். பேரேட்டைப் புரட்டினேன். 2013 வரை அத்தாவின் முத்து முத்தான கையெழுத்து. 2014 முதல் 2017 வரையிலான நான்கு வரிகள் கோணல் மாணலாக, பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. என் மகனின் கையெழுத்து.

அழைத்துக் கேட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னான்: "தாதாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலை. நான் உங்க செல்லுல பார்த்து எழுதிக் கொடுப்பேன். உங்கத்தாகிட்ட சொல்லாதே, அவன் வருத்தப்படுவான்னு தாதா சொன்னாங்க."

என் சொல்லால் வருந்தியவர், நான் வருந்தக் கூடாதே என்று மறைத்திருக்கிறார்.

கோப்பையும் லீக்கும்

அந்தப் பேரேட்டை வைத்துக்கொண்டு பல நாள் எண்ணியிருக்கிறேன். வெற்றி பெற்ற ஆண்டுகளை மட்டும் எழுதியிருந்தால் பெருமைப் பட்டியல் என்று தள்ளிவிடலாம். அத்தா எல்லா ஆண்டுகளையும் எழுதியிருக்கிறார். தோற்ற ஆண்டும் ஒரு வரி, வென்ற ஆண்டும் ஒரு வரி, ஒரே மை. ஏன்?

விடை அத்தா என்றோ சொன்ன பேச்சில் இருந்தது. கோப்பைக்கும் லீக்குக்கும் என்ன வேறுபாடு என்று சிறுவயதில் கேட்டேன். அவர் கூறியது: "கோப்பையில ஒருநாள் தோத்தா வெளியே. அதிர்ஷ்டம் இருந்தா நாலு நாள்ல ஜெயிச்சிடலாம். லீக்கில எல்லாரோடயும் ஆடணும், மழையிலயும் ஆடணும், தோத்த மறுநாளும் ஆடணும். இருபத்தேழாம் கிழமைக்குப் பள்ளி நிறைஞ்சு வழியுதே, அது கோப்பை. சாதாரண செவ்வாய்க்கிழமை சுபுஹுக்கு ஒன்றரை ஸஃப்பு நிக்குதே, அதுதான் லீக்கு."

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்னும் நபிமொழிக்கு நான் பல நூல்களில் விரிவுரை படித்திருக்கிறேன். இதைவிட எளிதான விரிவுரையைக் கண்டதில்லை.

நாயகத்தின் ஒட்டகம் அள்பாவின் செய்தியும் இங்கு நினைவுக்கு வருகிறது. பந்தயத்தில் எவராலும் முந்த இயலாத ஒட்டகம் அது. நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களின் முகம் வாடிற்று. உலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து முடிசூடிய கழகம் நாற்பது ஆண்டு வெறுங்கையோடு நின்றதும் அந்நியதிக்கு உட்பட்டதே.

முப்பதுகளின் வெற்றியில் ஒரு படிப்பினையும் உண்டு. தொடக்கத்தில் இந்தியர் அனைவரும் மகிழ்ந்த வெற்றி அது. நாள்பட அரசியல்வாதிகள் பந்தைத் தம் பக்கம் இழுத்தனர். காலரியில் எழுந்த குரல்கள் கட்சிக் குரல்கள் ஆயின. நாடு பிரிந்தபோது கழகம் ஆட்டக்காரர்களை இழந்தது, ஆதரவாளர்களை இழந்தது. எனினும் கலைந்துவிடவில்லை. 1948, 1957, 1967 என்று மீண்டும் வென்றது. 1960இல் டாக்காவில் ஆகாகான் தங்கக் கோப்பையைப் பெற்றது. பின்னர் எல்லாச் சமயத்தாரும், பல நாட்டினரும் ஆடும் கழகமாயிற்று. பெயர் சமூகத்தின் பெயர்தான், வியர்வை எல்லோருடையது. இன்று அந்தச் சட்டையை அணியும் இந்து, கிறிஸ்தவ இளைஞர்களை நாகூதா பள்ளி வட்டாரத்து முதியவர்கள் தம் பிள்ளைகளாகவே பேசுகின்றனர் என்று கேள்விப்படும்போது, அத்தாவின் நண்பர் நினைவுக்கு வருகிறார்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்

2021 நவம்பர் 18. கல்கத்தா லீக் இறுதியாட்டத்தில் ரயில்வே அணியை 1க்கு 0 என வென்று முகம்மதன் ஸ்போர்ட்டிங் பட்டம் பெற்றது. நாற்பது ஆண்டு இடைவெளி. அத்தா இருந்திருந்தால் எழுபத்தொன்பது வயது.

மறுநாள் சுபுஹுக்குப் பின் கபுருஸ்தான் சென்றேன். மண்ணறையில் இருப்பவரிடம் பந்தாட்டச் செய்தி சொல்வது மார்க்கத்தில் இல்லை, சொல்லவுமில்லை. ஸலாம் கூறி, யாஸீன் ஓதி, அத்தாவின் மஃபிரத்துக்காகக் கையேந்தினேன். அதற்குப் பின்னும் கால் நகரவில்லை. வைப்பாற்றுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. வீடு திரும்பிப் பேரேட்டை எடுத்து, 2018, 2019, 2020 ஆகிய மூன்று வரிகளை வெறுமையாக விட்டு, '2021 – 1' என்று எழுதினேன். அத்தாவின் கையெழுத்துக்குக் கீழே, மகனின் கையெழுத்துக்கும் கீழே என் கையெழுத்து.

2022, 2023ஆம் ஆண்டுகளிலும் அதே எண்ணை எழுதும் வாய்ப்புக் கிட்டியது. கல்கத்தா லீக் பட்டங்கள் மொத்தம் பதினான்கு ஆயின. 2024 ஏப்ரல் 6ஆம் நாள், அது ரமலான் மாதம், ஷில்லாங்கில் லஜோங் அணியை 2க்கு 1 என்று வென்று முதன்முறையாக ஐ-லீக் பட்டத்தையும் பெற்றது. 24 ஆட்டங்களில் 15 வெற்றி, 52 புள்ளிகள். நாட்டின் உயர்ந்த பிரிவான ஐ.எஸ்.எல். போட்டியில் ஆடும் தகுதி அதனால் வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் கலைக்கப்படும் என்று பேசப்பட்ட கழகம்!

அப்பிரிவில் அதன் முதல் வெற்றி எங்கே கிடைத்தது தெரியுமா? நம் சென்னையில். 2024 செப்டம்பர் 26ஆம் நாள் நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. அணியை 1க்கு 0 என வென்றது. கோலடித்தவர் லால்ரெம்சங்கா என்னும் இளைஞர். சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் மகன் ஆட்டத்தைப் பார்க்கச் சென்றிருந்தான். இரவு தொலைபேசியில், "அத்தா, எல்லாரும் சென்னைக்குக் கத்துறாங்க. நான் ஒருத்தன் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்" என்றான். நானும் பேச முடியாமல் சற்று நேரம் மௌனமாக இருந்தேன்.

பட்டியலின் கடைசி வரி

இத்தோடு முடித்தால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் லீக் அப்படி முடிவதில்லை. அந்த முதற்பருவத்தில் 24 ஆட்டங்களில் கழகம் வென்றது இரண்டே இரண்டு. ஊதியம் நிலுவையில் நின்றதைக் காரணம் காட்டி, ஐ-லீக் பட்டம் வாங்கித்தந்த ரஷ்யப் பயிற்சியாளர் 2025 ஜனவரியில் விலகினார். 13 அணிகளில் 13ஆவது இடம், 13 புள்ளிகள்.

எங்கள் வட்டாரம் ஹாக்கிக்குப் பெயர் போனது. கோவில்பட்டியில் பிள்ளைகள் நடை பழகும்போதே மட்டையைப் பிடிப்பார்கள் என்பர். ஆனாலும் என் மதரஸாப் பிள்ளைகள் அஸருக்குப் பின் கரிசல் தரிசில் ஆடுவது கால்பந்தே. அதற்கு ஒரு பந்து போதுமல்லவா? என் பேரேட்டுச் செய்தி அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டிருந்தது. "ஹஜ்ரத், உங்க டீம் கடைசி!" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தாய் மிளகாய்க் காட்டில் கூலிக்குப் பழம் பறிப்பவர். தந்தை கரிமூட்டம் போடுபவர். ஓதுவதில் மந்தம். மாதந்தோறும் நான் மாணவர் பெயர்களை மதிப்பெண் வரிசைப்படி எழுதிச் சுவரில் ஒட்டுவேன். அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் இரண்டு ஆண்டுகளாக அவனுடையது. மறு வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

தேடிச் சென்றேன். வற்றல் காயும் களத்தில் மிளகாயைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, காரத்தினாலா வேறு எதனாலா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. "ஏன் தம்பி வரலை?" என்றேன். குனிந்தபடியே, "நான் வராட்டாலும் லிஸ்ட்டு எழுதலாம் ஹஜ்ரத். கடைசிப் பேருதானே" என்றான்.

பத்தாண்டுகளுக்கு முன் திண்ணையில் கேட்ட "சரிதான் தம்பி" என்ற குரல் மீண்டும் என் காதில் விழுந்தது. ஒரே தவற்றை இரு முறை செய்திருக்கிறேன். முன்பு நாவால், இப்போது சுவரில்.

அவனை வீட்டுக்கு அழைத்துச் சென்று பேரேட்டைக் காட்டினேன். எண்கள் ஏறியும் இறங்கியும் வருவதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "தோத்த வருசத்தையும் ஏன் எழுதி வச்சிருக்காங்க?" என்று கேட்டான். "அந்த வருசமும் ஆடினாங்க இல்லையா?" என்றேன். அந்த விடை என்னுடையது என்று உரிமை கொண்டாட மாட்டேன். அது அந்தப் பக்கங்களில் இருந்தது.

அவன் மறுநாள் வந்தான். இன்றும் வருகிறான். ஓதுவதில் பெரிய மாற்றம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. மக்ரஜில் இன்னும் இடறுகிறான். மழை நாளிலும் காலில் கரிசல் அப்பிக்கொண்டு முதலில் வந்து, பாய் விரிப்பவன் அவன்தான். சுவரில் இப்போது ஒட்டும் தாளில் மதிப்பெண் இல்லை. வந்த நாள்களின் எண்ணிக்கை மட்டும். "போட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் படிப்பார்களா?" என்று ஜமாஅத்தில் சிலர் கேட்கின்றனர். அவர்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆண்டிறுதியில் பரீட்சை வைக்கிறோம், பரிசும் தருகிறோம். கோப்பை கூடாது என்று நான் சொல்லவில்லை. லீக்கை மறந்துவிடக் கூடாது என்றே சொல்கிறேன்.

அன்பிற்குரிய வாசகச் சகோதர சகோதரிகளே! உங்கள் இல்லத்து முதியவர்களிடமும் இத்தகைய பேரேடு ஒன்று இருக்கக்கூடும். பழைய பாட்டாக இருக்கலாம், ஒரு மாட்டின் நினைவாக இருக்கலாம், என்றோ பார்த்த ஓர் ஆட்டமாக இருக்கலாம். நமக்கு அது பயனற்றதாகத் தோன்றும். அவர்களோ அதில் தம் இளமையின் ஒரு நண்பரை, ஓர் ஊரை, ஒரு மழையைப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். ஹராம் அல்லாத எதையும் அவர்களிடமிருந்து பறிக்கும் உரிமை நமக்கு இல்லை. கேட்கும்போது இரண்டு நிமிடம் செல்பேசியைப் பார்த்துச் சொல்லிவிட்டால் நம் தக்வாவில் எதுவும் குறைந்துவிடாது. நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பேரேட்டில் '2024–25 – 13' என்று எழுதியிருக்கிறேன். அத்தா எழுதியது போலவே, அதே அளவு எழுத்தில். அதன் கீழே இன்னும் நிறைய வரிகள் இருக்கின்றன.

வல்ல ரஹ்மான் என் தந்தையாரின் பிழைகளைப் பொறுத்து, அவர்தம் கபுரை விசாலமாக்கி வைப்பானாக. அவர் மனத்தை நோவித்த என் நாவையும் மன்னிப்பானாக. ஆமீன்.